வளராத தலைப்பிரட்டைகளுக்கு ஒரு டப்பா

ஹாலோவே, கன்சாஸ்
5 மார்ச் 1922

அன்புள்ள தம்பி ஓரினுக்கு,

உன் உடம்பை விசாரிப்பதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ அந்த இறைச்சித் தொழிற்சாலையில் மேலாளர். ஆக்கியது நான்தான். சம்பளம் ஏறாது, ஆனால் எங்கள் கல்லூரியில் உனக்கு மரியாதை ஏகமாக ஏறிக்கிடக்கிறது.

விலங்கியல் துறையின் நிலவறையில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். புதிதாக வந்திருக்கிற பேராசிரியர் ஸ்ப்ராக் ஒரு தவளைப் பைத்தியம். தலைப்பிரட்டையின் மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். கடுகில் கால்வாசிகூட இராது. முட்டையை விட்டு வந்த கையோடு அதைக் கிள்ளி எடுத்துவிட்டால் தலைப்பிரட்டை சாகாது. ஆனால் சரியாக வளராது, கால் முளைக்காது, தவளையாகாது. பிறந்த தண்ணீரிலேயே காலம் பூராவும் சுற்றிக்கொண்டிருக்கும். நாற்பத்தெட்டு வயதில் இன்னும் அப்பா கட்டின வீட்டிலேயே இருக்கிற என்னிடம்தான் இதை விளக்கினார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் விளக்கினார்.

அப்படிப்பட்ட பிரட்டைக்கு மாட்டின் பிட்யூட்டரியைத் தின்னக் கொடுத்தால் மறுபடி வளருமா என்பதுதான் அவருடைய கேள்வி. "அறுத்த அன்னிக்கே எடுத்து ஐஸ்ல வெச்சது வேணும், மிஸ் பிக்ஸ்லர். அதுக்கு நான் எங்க போவேன்?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எங்க தம்பி கன்சாஸ் சிட்டியில அறுப்புக் கூடத்துக்கே மேலாளருங்க" என்று என் வாய் சொல்லிற்று. நான் சொல்லவில்லை, வாய்தான். அன்றைக்கே என்னைக் கழுவுதொட்டியிலிருந்து தூக்கித் தலைப்பிரட்டைகளுக்குக் காப்பாளராக்கிவிட்டார். வாரம் ஒரு டப்பா வந்தால் இந்தப் பதவி நிலைக்கும்.

அத்தை மகனுக்கு நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையைப் பார்த்து உன் முகவரியை எடுத்தேன். ஆறு வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதைக் கிளற வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: வியாழக்கிழமைப் பத்திரிகையில் ஊர்வம்பு எழுதுவதை அப்போதே விட்டுவிட்டேன்.

இருமல் எப்படி இருக்கிறது? என் முழங்கால் மழைக்கு ஒரு நாள் முன்பே தகவல் சொல்கிறது. எழுத மனமில்லாவிட்டால் டப்பாவை மட்டுமாவது அனுப்பு.

உன் அக்கா,
ஐடெல்லா

*

கன்சாஸ் சிட்டி
11 மார்ச் 1922

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடு.

நான் மேலாளர் இல்லை. தலை மேசையில் நிற்கிறேன். மாட்டுத் தலை கொக்கியில் தொங்கி வரும். வெட்டுக்கத்தியால் பிளந்து மூளையை எடுப்பது என் வேலை. மூளைக்கு அடியில் எலும்பில் குதிரைச் சேணம் மாதிரி ஒரு பள்ளம். நீ கேட்கிற சாமான் அதில் உட்கார்ந்திருக்கிறது. கொண்டைக்கடலை அளவு. ஆறு வருஷமாகக் கழிவோடு தள்ளிக்கொண்டிருந்தேன், அது யாருக்கும் வேண்டும் என்று தெரியாது. கத்தி முனையைச் சாய்த்து நெம்பினால் முழுசாக வருகிறது.

பன்னிரண்டு வைத்திருக்கிறேன். காப்பி டப்பா, ஐஸ், சுற்றிலும் மரத்தூள். திங்கட்கிழமை காலை ரயில்.

பழையதை நானும் பேசப்போவதில்லை.

பத்திரிகையில் எழுதுவதை ஏன் விட்டாய்? உனக்கு நன்றாக வந்ததே அது ஒன்றுதான்.

ஓரின்

*

ஹாலோவே
16 ஏப்ரல் 1922, ஈஸ்டர்

அன்புள்ள ஓரினுக்கு,

டப்பா ஐந்தும் ஐஸ் உருகாமல் வந்து சேர்ந்தன. நீ நலமென்று டப்பாவைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். அவ்வளவு சுத்தமான வேலை. "உங்க தம்பிகிட்ட ரொம்பக் கை தேர்ந்த ஆள் இருக்கார் போல, மேலாளர் தன் கையால எடுப்பாரா என்ன?" என்று ஸ்ப்ராக் கேட்டார். "எங்க தம்பிக்கு எல்லாத்தையும் தானே செய்யணும்" என்றேன். பார், இந்தத் தடவை பாதி உண்மை.

பத்திரிகையைப் பற்றிய உன் கடைசி வரியைப் படித்தேன். சுருக்கென்று ஏற்றிவிட்டாய். எனக்கு வேண்டியதுதான். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

தவளை முட்டை பொறுக்க நானும் ஸ்ப்ராக்கும் மேய்ச்சல் குட்டைக்குப் போனோம். நான் முழங்கால் வரை பாவாடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் நிற்கும்போது தேவாலய மூப்பர் வண்டியில் அந்த வழியாக வந்தார். தொப்பியைக் கழற்றினார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தவளை முட்டையைத் தூக்கிக் காட்டினேன். இன்று காலை ஆராதனையில் அவர் வீட்டார் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தார்கள்.

அறுவை முடிந்துவிட்டது. அரை அரிசி நீளமுள்ள ஜந்துவைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் மல்லாத்தி, ஊசி முனையால் அந்தப் பொட்டைக் கிள்ளி எடுக்கிறார் மனிதர். முந்நூற்றுக்குச் செய்ததில் பிழைத்தது நாற்பத்தொன்று. பத்து நாளில் நாற்பத்தொன்றும் வெள்ளியாகிவிட்டன, ஓரின்! கூடப் பிறந்ததெல்லாம் தார்போலக் கறுப்பாக இருக்கும்போது இவை மட்டும் பழைய கரண்டி மாதிரி மின்னுகின்றன. ஒவ்வொன்றையும் தனித் தட்டில் போட்டு எண் ஒட்டியிருக்கிறேன். பாதிப் பேருக்கு உன் சரக்கின் முன்பாதி (வளரவைக்கும் சத்து அதில்தானாம்), பாதிப் பேருக்கு வெறும் கீரைக்கூழ்.

பதினேழாம் தட்டில் இருப்பது என் குரல் கேட்டால் ஓரத்துக்கு வருகிறது. அதற்குக் காது கேட்காது என்கிறார் ஸ்ப்ராக். அவருக்கென்ன, வீட்டில் பேச ஆள் இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆட்டவே அம்மாள், "ஐடெல்லா, நீ யார்கூடத்தான் பேசிக்கிட்டிருக்கே நாள் முழுக்க?" என்றாள். "நாற்பத்தொரு பேர் கூட" என்றேன். எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நல்ல சாப்பாடு கிடைக்கிறதா உனக்கு?

அக்கா

*

கன்சாஸ் சிட்டி
30 ஏப்ரல் 1922

அக்காவுக்கு,

நலம். சாப்பாடு பரவாயில்லை. என் அறையில் கூட இருப்பவன் ஸ்டிபான், குரோஷியாக்காரன், குடல் கழுவும் பகுதியில் வேலை. வாரம் ஒரு தடவை முட்டைக்கோஸும் பன்றியும் சமைப்பான். டப்பாவை அவன்தான் ரயிலடிக்குக் கொண்டுபோகிறான். "உங்க அக்கா தவளைக்கு மாடு போடுறாங்களா? எங்க ஊர்ல மாடு இருந்தா மனுஷன் திம்பான்" என்கிறான்.

வெள்ளியானது கறுப்பாகத் திரும்புமா? கூரை ஒழுகுவதைச் சரிசெய்தாயா? வடக்கு மூலையில் தகரம் தூக்கிக்கொண்டிருந்தது. போவதற்கு முன் அடித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

பதினேழு என்ன சாப்பிடுகிறது, என் சரக்கா, கீரையா?

ஓரின்

*

ஹாலோவே
21 மே 1922

அன்புள்ள ஓரினுக்கு,

பதினேழு உன் சரக்கைத்தான் சாப்பிடுகிறது! கொடுத்த கையைக் கடிக்கிற அளவுக்குச் சாப்பிடுகிறது. நான் சௌக்கியம். உன் கடிதத்தை ஸ்ப்ராக்கிடம் காட்டலாமென்று நினைத்து, 'குடல் கழுவும் பகுதி' என்ற இடம் வந்ததும் உள்ளே வைத்துவிட்டேன். மேலாளரின் அறைத்தோழன் அங்கே வேலை செய்ய மாட்டானே.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் அளந்தோம். கீரை மட்டும் தின்ற வெள்ளிகள் வாலோடு சேர்த்து என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். உன் டப்பாவைத் தின்ற வெள்ளிகள் அதைப்போல ஒன்றரை மடங்கு! கால் முளைக்கவில்லை, நிறம் திரும்பவில்லை, ஆனால் வளர்கின்றன, ஓரின். அங்கே நீ கத்தியைச் சாய்த்து நெம்புவது இங்கே ஒரு வால் நீளமாவதற்கு. ஸ்ப்ராக் அளவுகோலோடு மேசையைச் சுற்றி ஒரு நடனம் ஆடினார். பார்க்கச் சகிக்கவில்லை. என்னையும் கூப்பிட்டார். முழங்காலைக் காரணம் காட்டினேன்.

வளர வளரப் பசியும் வளர்கிறது. ஒரு டப்பா போதவில்லை. வாரம் இரண்டு அனுப்ப முடியுமா?

மே முப்பது வருகிறது. ஊரே கல்லறைக்குப் பூ எடுத்துக்கொண்டு போகும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆறு வருஷமாக நான் ஒருத்தியேதான் வைக்கிறேன். வாளி கனக்கிறது. நீ வந்தால் ஒரு பக்கம் பிடிக்கலாம். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போய்விடலாம், தங்கச் சொல்லமாட்டேன். உன் கட்டிலில் மெத்தையைத் தட்டிப் போட்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

ஐடெல்லா

*

கன்சாஸ் சிட்டி
27 மே 1922

அக்காவுக்கு,

நலம். வர முடியாது. அன்றைக்கும் அறுப்பு இருக்கிறது.

அம்மாவுக்கு அந்த வேலியோரத்து வெள்ளைப் பூவே வை. சிவப்பு பிடிக்காது அவளுக்கு.

இரண்டு டப்பா அனுப்புகிறேன். வேலை நேரத்தில் ஒரு டப்பாவுக்குத்தான் கை ஓடும். மற்றதற்கு அறுப்பு முடிந்த பிறகு நின்று எடுத்துவிடுகிறேன். ஒன்றரை மடங்கு என்பதை ஸ்டிபானிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. நான் நம்பினேன்.

ஓரின்

*

கன்சாஸ் சிட்டி
2 ஜூலை 1922

அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம். அதனால் எழுதவில்லை. டப்பா வருகிறதல்லவா. உனக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று கொத்தியே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஓ.

*

ஹாலோவே
16 ஜூலை 1922

அன்புள்ள ஓரினுக்கு,

ஐந்து வாரம் கழித்து ஐந்து வரி. அதுவும் என்ன கையெழுத்து அப்பா இது! வரியெல்லாம் இடது பக்கம் சாய்ந்து ஓடுகிறது, எழுத்தெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று விழுகிறது. பதினேழாம் தட்டில் மையை ஊற்றி அதைத் தாளில் நடக்கவிட்டிருந்தால்கூட இதைவிடத் தெளிவாக எழுதியிருக்கும். ஆட்டவே அம்மாளிடம் காட்டினேன். "உன் தம்பி குடிக்கிறானா?" என்று கேட்டாள். இரண்டு பேருமாகச் சிரித்துத் தீர்த்தோம். மேலாளராகிவிட்டால் கையெழுத்து புரியக்கூடாது என்று விதி போலிருக்கிறது.

கொத்தி அனுப்புவது பெரிய உபகாரம். டப்பாவைத் திறந்து அப்படியே கரண்டியால் போட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒரு சங்கடம். என் வெள்ளிகள் வேலைநிறுத்தம் செய்கின்றன. ஜூன் பாதியிலிருந்து ஒன்றும் வளரவில்லை. கறுப்பாகப் பிறந்ததெல்லாம் கால் முளைத்து, வால் சுருங்கி, தவளையாகித் தாவிப் போயாகிவிட்டது. நேற்று கடைசித் தட்டைக் காலி செய்தேன். இப்போது நிலவறையில் நானும் என் வெள்ளிகளும்தான் மிச்சம். முன்பெல்லாம் காலையில் போனால் ஏதாவது ஒன்று அளவு மாறியிருக்கும். இப்போது நேற்றுப் பார்த்தது போலவே எல்லாம் மிதக்கின்றன. ஸ்ப்ராக் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். "டப்பாவை வெயில்ல வெச்சிட்டீங்களா, மிஸ் பிக்ஸ்லர்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.

உன் பக்கம் ஏதாவது மாறியிருக்கிறதா? ஒரு வரி எழுது. புரிகிற மாதிரி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஹாலோவே
6 ஆகஸ்ட் 1922

ஓரினுக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய் என்று தெரியும், அதனால் விசாரிக்கவில்லை.

மூன்று வாரமாகப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை ஸ்ப்ராக் உன் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது பிட்யூட்டரியே இல்ல. மாட்டுக் கழுத்துல இருக்கிற நெறிக்கட்டி. ஏழு வாரமா இதுங்களுக்கு நெறிக்கட்டிதான் போட்டிருக்கீங்க" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். சனிக்கிழமையிலிருந்து நான் மறுபடி கழுவுதொட்டியில் நிற்கிறேன்.

பள்ளத்திலிருந்து முழுசாக நெம்பி எடுக்கத் தெரிந்தவனுக்கு எது கழுத்து, எது தலை என்று தெரியாமல் போகுமா? கொத்தி ஏன் அனுப்பினாய் என்று இப்போதல்லவா புரிகிறது. எனக்கு நேரம் மிச்சமாகட்டும் என்றா? எனக்கு அடையாளம் தெரியக்கூடாதென்று!

சரி. சொல்லியே விடுகிறேன். அந்த நாலு வரியை நீ மறக்கவில்லை. தேவாலயத்தில் சாப்பாட்டுப் பெட்டி ஏலம், பெட்டியை எடுக்கிறவன் அதைக் கட்டியவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்; நீ ஆசைப்பட்ட லெட்டியின் பெட்டி என்று நினைத்து நீ ஊரையே முந்திக்கொண்டு கேட்டு வாங்கியது பாதிரியாரின் எழுபது வயது அத்தையுடைய பெட்டி. நீ அந்தக் கிழவியோடு உட்கார்ந்து ஊறுகாய்க் கிழங்கு தின்றதை நான் பத்திரிகையில் எழுதினேன். ஊர் சிரித்தது. லெட்டியும் சிரித்திருப்பாள். நீ போய்விட்டாய். நான் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தபோது கொக்கியில் உன் கோட்டு இல்லை. 'ஏன் எழுதுவதை விட்டாய், உனக்கு நன்றாக வந்ததே அது ஒன்றுதான்' என்று குத்தினாயே, அதோடு விட்டிருக்கலாம். அதை நான் தாங்கிக்கொண்டேன். வாயில்லாத ஜீவன்களைப் பட்டினி போட்டுத்தான் பழிதீர்க்க வேண்டுமா?

டப்பா இனி வேண்டாம்.

ஐடெல்லா பிக்ஸ்லர்

*

கன்சாஸ் சிட்டி
13 ஆகஸ்ட் 1922

மதிப்புக்குரிய ஐடெல்லா அக்காவுக்கு வணக்கம்.

நான் ஸ்டிபான். நீங்கள் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். இரவுப் பள்ளியில் படித்து எழுதுகிறேன், தப்பு இருந்தால் மன்னிக்கவும். நான் எழுதுவது ஓரினுக்குத் தெரியாது.

நெறிக்கட்டி அனுப்பியது நான்தான். ஓரின் இல்லை.

ஜூன் 14 அன்று ஓரினுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அன்று அறுப்பு முடிந்து எல்லோரும் கை கழுவிவிட்டோம். அவர் மட்டும் இரண்டாவது டப்பாவுக்காக இன்னும் ஆறு தலை பிளந்துகொண்டிருந்தார். மேசை ஈரமாக இருந்தது, தலை வழுக்கியது, பிடிக்கப்போன கையில் கத்தி விழுந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. அங்கே கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "ஸ்டிபான், திங்கக்கிழமை டப்பா போகலன்னா அங்க பதினேழு பட்டினி கிடக்கும்டா" என்றார். பதினேழு பேர் என்று நினைத்தேன். ஒரே ஒரு தலைப்பிரட்டை என்று பிறகுதான் சொன்னார்.

நான் தலை மேசைக்குப் போனேன். அங்கே புது ஆள். "குடல்காரனுக்கு இங்க என்ன வேலை? போ அந்தப் பக்கம்" என்று விரட்டினான். என் பகுதிக்குக் குடலோடு வருகிற கழுத்துக் கழிவில் உருண்டையாக இருந்ததை எடுத்தேன். சுரப்பி எல்லாம் சுரப்பிதானே என்று நினைத்தேன். வித்தியாசம் தெரியாமலிருக்கக் கொத்தினேன். ஓரினிடம் சரியானதையே அனுப்புகிறேன், கொத்தி அனுப்பினால் உங்களுக்கு நேரம் மிச்சம் என்று சொன்னேன். அவர் படுக்கையில் இருந்ததால் நம்பினார்.

இப்போது அவருக்கு மாட்டுப் பட்டி வாசலில் காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள். இடது கையால் எழுதப் பழகுகிறார். ஜூலையில் உங்களுக்கு எழுதியது முதல் கடிதம். அதற்கு மாலை முழுக்க ஆனது. உங்கள் பதில் வந்ததும் படித்துவிட்டு, "அக்காவுக்குக் கையெழுத்து பிடிக்கலயாம்" என்றார். அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை.

கடைசிக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கோபப்படவில்லை. யோசித்துக்கொண்டே இருக்கிறார்.

தண்டனை எனக்குக் கொடுங்கள்.

ஸ்டிபான்

*

ஹாலோவே
16 ஆகஸ்ட் 1922

ஓரின்,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இதுவரை எழுதிய கடிதங்களில் எத்தனையோ தடவை இதைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பதில் வேண்டுமென்று கேட்கவில்லை.

ஸ்டிபானைக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டாவது டப்பா கேட்டது நான். கையெழுத்தைப் பார்த்துச் சிரித்ததும் நான். ஆட்டவே அம்மாளிடம் போய்ச் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இன்று ஸ்ப்ராக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ மேலாளர் இல்லை என்பது உட்பட. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நெறிக்கட்டி என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "அப்படின்னா ஏழு வாரம் வேற சுரப்பி, ஆனா அதே மாடு, அதே அளவு! வளர்ச்சி நின்னுபோச்சு! மாட்டு மாமிசம் எதுவா இருந்தாலும் வளரும்னு இனி யாராவது வாயத் திறக்க முடியுமா? இத நானே திட்டம் போட்டிருக்கணும், மிஸ் பிக்ஸ்லர், எனக்குத் தோணவே இல்ல!" என்று குதித்தார். கட்டுரையில் அந்த ஏழு வாரம்தான் உயிரான பகுதியாம். எனக்குக் காப்பாளர் பதவி திரும்பக் கிடைத்துவிட்டது. உனக்கு அடிக்குறிப்பில் நன்றி சொல்லப்போகிறார். பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். மூன்று விரலுக்கு ஓர் அடிக்குறிப்பு. சிறிய எழுத்தில் அச்சிடுவார்கள்.

இதை எழுதும்போதே வேடிக்கையாக ஒரு வாக்கியம் வருகிறது. கை அப்படியே பழகிவிட்டது. அடித்துவிட்டேன்.

தட்டுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வெள்ளிகளை எல்லாம் மெழுகில் வைத்துச் சீவி, சுரப்பி உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பதினேழை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுப்படி மேசையில் பழைய அப்பத் தட்டில் இருக்கிறது. காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை காப்பி ஊற்றிவிட்டு அதற்கு எதிரே உட்காருகிறேன்.

அந்த நாலு வரிக்கு ஆறு வருஷத்துக்கு முன்பே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வெட்கத்தால் கேட்கவில்லை, கோமாளித்தனம் செய்தே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

நான் அங்கே வரட்டுமா? எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் எழுது. எப்படி எழுதினாலும் எனக்குப் புரியும்.

ஐடெல்லா

*

கன்சாஸ் சிட்டி
3 செப்டம்பர் 1922

அக்காவுக்கு,

கை ஆறிவிட்டது. மழைக்கு முன்பு இல்லாத விரல் வலிக்கிறது. உன் முழங்கால் மாதிரிதான். இனி இரண்டு பேரும் வானிலை சொல்லலாம்.

இந்தக் கடிதத்துக்கு நாலு மாலை ஆனது. ஸ்டிபான் கோணலாக இருக்கிறது என்கிறான். நீ புரியும் என்றாய்.

தலை மேசைப் புது ஆளை ஸ்டிபான் முட்டைக்கோஸ் கொடுத்துச் சரிக்கட்டிவிட்டான். நான் பக்கத்தில் நின்று சொன்னேன், அவன் நெம்பினான். நாலு வீணானது. ஆறு முழுசாக வந்திருக்கிறது. கொத்தவில்லை. பதினேழுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வாசல் காவலுக்கு விடுமுறை கிடையாது. நீ வந்தாலும் வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன், அந்தப் பக்கம் நீ நிற்க வேண்டும். மாட்டு நாற்றம் தாங்கமாட்டாய். குளிர் வரட்டும், பார்க்கலாம்.

சொல்லாமல் வந்ததற்கு நீ என்னை மன்னிக்கமாட்டாய் என்றுதான் நான் எழுதாமல் இருந்தேன். நீ பழைய விஷயம் என்று எழுதியது அதைத்தான் என்று நினைத்தேன்.

நீ எழுதுவதை விட்டிருக்க வேண்டாம். அதைக் கேலியாகக் கேட்கவில்லை.

உன் தம்பி,
ஓரின்

பின்குறிப்பு: லெட்டி என்னை வேண்டாம் என்றது ஏலம் நடந்த சனிக்கிழமையே, அங்கேயே. உன் கடிதத்தைப் படித்த பிறகு நாட்களை எண்ணிப் பார்த்தேன். நம் ஊரில் பத்திரிகை வருவது வியாழக்கிழமை. நான் ரயில் ஏறியது அதற்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை. அந்த நாலு வரியை நான் படித்ததே இல்லை.